செக்குமேட்டில் ஒரு வெள்ளைக்காரம்மா

திருப்பூரில் வெப்சைட் செய்துகொடுக்கும் ஒரு பெண்ணிடம் விலை கேட்டேன். 35,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 41,300 என்றார். நான் காங்கேயத்தில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறவன். அது எத்தனை மூட்டைக் கடலை என்று மனக்கணக்குப் போட்டபடியே பஸ் ஏறினேன்.

வீட்டில் மச்சினன் பையன் உட்கார்ந்திருந்தான். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருசம். "எதுக்குங்க மாமா அவ்வளவு? வெப்சைட் செய்யற வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேர் இலவசந்தானுங்க. உலகத்துல பத்து வெப்சைட்டுக்கு நாலு அதுலதான் ஓடுது. ஒரு ஞாயித்துக்கிழமை போதும்" என்றான்.

பதினோரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. வாரம் ஒரு நாட்டுக்கோழி. அந்தக் கணக்கை என் வீட்டுக்காரி காலண்டரில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறாள்.

முதல் வாரம் வெப்சைட்டுக்குப் பெயர் வாங்கினோம். முதல் வருசத்துக்கு 149 ரூபாய்தான். இரண்டாம் வருசத்துக்கு எவ்வளவு என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், என் வெள்ளெழுத்துக்கு அது தெரியவில்லை. இரண்டாம் வாரம் இலவச டிசைன் ஒன்றைப் பிடித்தோம். மூன்றாம் வாரம் தமிழ் வேலை. பழைய நோட்டீஸுக்கு டிடிபி சென்டரில் அடித்த வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டினேன். 'வாகை மரச்செக்கில் ஆட்டிய சுத்தமான நல்லெண்ணெய்' என்று வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது, ஏதோ கோழி கிளறிவிட்ட மாதிரி. பழைய ஃபான்ட் அப்படித்தானாம், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறையில் மறுபடி அடிக்க வேண்டுமாம். தமிழக அரசே 2010-இல் யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. எங்கள் ஊர் டிடிபி சென்டருக்குச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

படம் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செக்கில் எள் ஓடுவது, கருப்பட்டி போடுவது, எண்ணெய் கசடு அடங்க வெயிலில் நிற்பது என்று செல்போனில் எடுத்து, எடுத்த சைஸிலேயே ஏற்றிவிட்டேன். முதல் பக்கம் முழுசாகத் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இதற்கிடையில் மாமனார் போன் செய்தார். "மாப்ள, வெப்சைட்டு பாத்தனுங்க. நல்லாருக்குது. அந்த வெள்ளைக்காரம்மா எப்பங்க வேலைக்குச் சேந்துச்சு?"

திறந்து பார்த்தால், 'எங்கள் குழு' என்ற தலைப்பின் கீழ் கோட்டு சூட்டு போட்ட மூன்று பேர் கை கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். நடுவில் ஒரு வெள்ளைக்காரம்மா. டிசைனோடு வந்த மாதிரிப் படம், எடுக்க மறந்துவிட்டோம். அதற்குள் ஊரில் பரவி, புண்ணாக்கு வாங்க வந்தவர்கூட உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சரி, அதையும் எடுத்தாயிற்று. அப்புறம் மூன்று மாதம் காத்திருந்தோம். கூகுளில் எங்கள் செக்கின் பெயரை முழுசாக அடித்தாலும் வேறு யார் யாரோ வந்தார்கள், நாங்கள் வரவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை மட்டும் 214 காட்டியது. அதில் 200 நான். மிச்சம் மாமனார்.

வேறு வழியில்லாமல் திருப்பூருக்கே போனேன். அந்தப் பெண் செட்டிங்ஸைத் திறந்து, ஒரு பக்கத்தில் நிறுத்தி, ஒரு சின்ன டிக்கைக் காட்டினார். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று நாமே கேட்டுக்கொள்ளும் டிக். அதை எடுத்துவிட்டார், காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பையனைத் திட்டலாம் என்று போனைக் கையில் எடுத்தபோதுதான் ஞாபகம் வந்தது. "முடியற வரைக்கும் யாரு கண்ணுலயும் படக் கூடாதுடா, சிரிப்பாங்க" என்று முதல் வாரம் அவனிடம் சொன்னதே நான்தான்.

அந்த வெட்கத்திலேயே 15,000 அட்வான்ஸ் கொடுத்து முழு வேலையையும் அவரிடமே ஒப்படைத்தேன். வெப்சைட் பெயரை என் பெயரிலேயே பதிந்து தர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பதினோரு கோழிக்கு அவ்வளவாவது கற்றுக்கொண்டிருந்தேன். இனி நமக்கு வேலையில்லை என்று நிம்மதியாக வந்து படுத்தேன்.

மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. 'எங்களைப் பற்றி' 200 வார்த்தை. பொருள் வாரியாக 12 படம், வெள்ளைப் பின்னணியில். லிட்டர் விலை, கூரியர் செலவு, பாட்டில் உடைந்து போனால் யார் பொறுப்பு. கடைசியில் ஒரு வரி: 'நீங்க கன்டென்ட் குடுத்தா பத்து நாள்ல முடிச்சிடலாம் சார்.'

ஐந்து வாரம் ஆகிறது. 'எங்களைப் பற்றி' என்று எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பத்து மணியானால் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்துவிடும். இன்றும் வந்தது. நம்பரைப் பார்த்ததும் வீட்டுக்காரி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவளே எடுத்துப் பேசினாள்.

"அவரு குளிச்சிட்டு இருக்காருங்க."

போன வாரமும் குளித்துக்கொண்டுதான் இருந்தேன்.