கோடையில் புறவாசல் தோட்டம்: வாழைச்சருகும் ஒரு சட்டித் தண்ணீரும்

அக்னி நட்சத்திரம் பாதி தாண்டிவிட்டது. பாளையங்கோட்டை வெயிலுக்கு வெண்டை, கத்திரி, கறிவேப்பிலை, பப்பாளி எல்லாம் தாக்குப்பிடித்து நிற்கின்றன. இந்தக் கோடையில் பூச்சிமருந்து எதுவும் அடிக்கவில்லை, வேப்பெண்ணெய்கூட இல்லை.

பங்குனியிலேயே மூடாக்கு போட்டாயிற்று. தாமிரபரணிக் கரை வாழைத் தோட்டங்களில் சருகுக்கா பஞ்சம்? நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஒட்டிக் கிடந்தால் தூர் அழுகும். தண்ணீர் விடிந்ததும் ஊற்றுவதோடு சரி. உச்சிவெயிலில் சருகை விலக்கித் தொட்டாலும் மண் குளுகுளுவென்றிருக்கிறது.

அந்த ஈரத்துக்குத் தேரைகள் குடிவந்தன. பகலெல்லாம் சருகுக்கடியில் பதுங்கல், விளக்கு போட்டதும் பூச்சி வேட்டை. "தேரையைத் தேடி பாம்பு வந்துரும்லா" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. நியாயமான பயம்தான். வாசல்படி, சுவரோரம் எல்லாம் சருகில்லாமல் கூட்டிவிட்டேன். செங்கல், விறகுக் குவியலையும் அப்புறப்படுத்தியாயிற்று.

பொறுமை தேவைப்பட்டது கறிவேப்பிலையில்தான். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கொழுந்தாகப் பார்த்து முட்டை வைக்கிறது. குட்டிப் புழு அச்சு அசலாகப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும்; வளர்ந்தால் இலைப்பச்சை. விரலால் தொட்டேன், தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்செவேல் என்று இரட்டைக் கொம்பு நீண்டது, கூடவே ஒரு நெடி! உயரமான கிளைகளை அவற்றுக்கே விட்டுவிட்டேன். தையல்சிட்டு ஜோடி வந்து கணிசமாகக் குறைத்துவிடுகிறது, குழம்புக்குத் தட்டுப்பாடில்லை.

பப்பாளியில் அங்கங்கே மாவுப்பூச்சி. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டி மல்பெரி வரைக்கும் சூறையாடிய அதே பூச்சிதான். 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பொடி ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. மருந்தடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்து சாகும். அதனால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நிழலில் அகலமான மண்சட்டி வைத்து, தேனீ மூழ்காமல் உட்கார்ந்து குடிக்க உள்ளே கூழாங்கல் போட்டிருக்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் கொசுப்பண்ணைதான். தவிட்டுக்குருவிக் கூட்டம் குளித்த கையோடு சருகையெல்லாம் கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது, அதைத் திரும்பப் பரப்புவதே ஒரு வேலை.

அணிலிடம்தான் தோற்றுவிட்டேன். பழுக்கத் தொடங்கிய தக்காளி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனியில் சாரல் காற்று வந்ததும் அந்த இடத்தில் பீர்க்கும் புடலையும் போட உத்தேசம். பந்தலுக்குக் கம்பு சொல்லி வைத்திருக்கிறேன்.