கருத்துக் கேட்டார்கள், சொன்னோம்: ரயில் நிலையச் சாய்தளத்துக்காக அலைந்த நான்கு மாதங்கள்

எங்கள் தெருவுக்கு அருகிலுள்ள புறநகர் மின்சார ரயில் நிலையத்தில் லிப்ட், சாய்தளம், பார்வையற்றோருக்கான தொட்டுணர் ஓடுகள் ஆகியவை அமைக்கப்படவிருப்பதாகவும், அதுபற்றிச் சுற்றுவட்டாரக் குடியிருப்போர் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் கருத்துத் தெரிவிக்கலாம் என்றும் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அதை நாங்கள் ஒன்பதாவது நாள்தான் பார்த்தோம். பயணச்சீட்டு தரும் தானியங்கி இயந்திரத்துக்குப் பின்பக்கச் சுவரில், பழுதான மின்விசிறிக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். கும்மிடிப்பூண்டி தடத்தில், திருவொற்றியூருக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ உள்ள நிலையம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்ட ரயில்வே அலுவலகத்தின் வாசலில் நான் இன்னும் பலமுறை போய் நிற்க வேண்டியிருக்கிறது.

தெருக் குடியிருப்போர் சங்கத்தில் நான் பொருளாளர். என் அம்மா மூன்று ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இந்த இரண்டு காரணங்களால் வேலை என் தலையில் வந்து விழுந்தது. படிவத்தை நகலெடுத்து வீடுவீடாகக் கொடுத்ததும், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நாங்களே எழுதி ரேகை வாங்கியதும் நான்கே மாலைகளில் முடிந்துவிட்டன. மொத்தம் 64 படிவங்கள் சேர்ந்தன. மக்களிடம் கேட்பது எளிதாகவே இருந்தது. கேட்டதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

முதல் நாள் அந்த ரயில்வே அலுவலகத்தின் தபால் பிரிவில் இருந்த எழுத்தர் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படிவத்துடனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டார். 64 பேரில் அட்டை வைத்திருந்தவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் மூட்டுவலிக்காரர்கள், நிறைமாதப் பெண்கள், கைக்குழந்தைக்காரர்கள், காசிமேட்டில் மீன் எடுத்து ரயிலில் கொண்டுபோய் விற்கும் அக்காக்கள். அறிவிப்பில் 'குடியிருப்போர்' என்றுதான் இருக்கிறது, 'அட்டை வைத்திருப்போர்' என்று இல்லை என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்படின்னா எல்லாரும் கேப்பாங்களேம்மா" என்றார். எல்லாரும் கேட்க வேண்டும் என்பதற்குத்தானே அந்த அறிவிப்பு என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன். அடுத்ததாக, தமிழில் எழுதியவற்றை ஆங்கிலத்தில் மாற்றித் தரும்படியும் சொல்லி அனுப்பினார். ஒரு நாள் சம்பளமும் ஆட்டோக் கூலியும் போயின.

இரண்டாம் முறை போகும்போது ஒரு முகப்புக் கடிதத்தைக் கையோடு எடுத்துச் சென்றேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது; அதன் விதிகள் 2017 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்டன; ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை அன்றிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் தடையற்றவையாக மாற்ற வேண்டும் என்று சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது; அந்தக் கெடு 2022-லேயே கடந்துவிட்டது. இதற்கான அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்திருப்பதையும் சேர்த்தேன். 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்பது அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமானதன்று என்பதற்கும் அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. இவற்றை எழுத்தர் படித்தாரா என்று தெரியாது. ஆனால் கடிதத்தில் பிரிவு எண்ணும் தேதியும் இருப்பதைக் கண்டதும் கட்டை உள்ளே எடுத்து வைத்தார். இரண்டு பிரதிகள் கொண்டுபோய் ஒன்றில் தேதி முத்திரையும் சுருக்கொப்பமும் வாங்காமல் நகராதீர்கள். "வச்சிட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்பது முத்திரை ஆகாது. நான் முக்கால் மணி நேரம் நின்றுதான் வாங்கினேன்.

எங்கள் கோரிக்கைகளில் மூன்று அவர்கள் எல்லைக்குள் வராதவை என்று பிறகு தெரிய வந்தது. நிலைய வாசலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவில் மூடியில்லாத கால்வாயும் உடைந்த நடைபாதையும் இருக்கின்றன. அவை சாலைக்குப் பொறுப்பான வேறோர் அலுவலகத்தின் கணக்கு. ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதியதால் இங்கே உள்ளவர் அங்கே போகச் சொன்னார், அங்கே உள்ளவர் இங்கே போகச் சொன்னார். நிலையத்தின் வேலிக்கு உள்ளே இருப்பதை ஒரு மனுவாகவும் வெளியே இருப்பதை இன்னொரு மனுவாகவும் தொடக்கத்திலேயே பிரித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

வரைபடத்தைப் பார்க்காமல் கருத்துச் சொல்வது எப்படி என்று கேட்டபோது, கருத்துக்கேட்புக் கூட்டத்தன்று காட்டுவோம் என்றார்கள். அதற்குள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுவிடலாம் என்று முனைந்து, அதிலும் நானே ஒரு தவறு செய்தேன். மாநில அரசு அலுவலகங்களுக்கு அனுப்பிப் பழகிய கையால், மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்பிவிட்டேன். மத்திய அரசு அலுவலகங்களுக்கு வில்லை செல்லாது. கணக்கு அலுவலர் பெயருக்குப் பத்து ரூபாய் அஞ்சல் ஆணை எடுக்கலாம், இல்லாவிட்டால் இணையத்தில் செலுத்தலாம். மனு பதினெட்டாவது நாள் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பியபோது மொழிப் பிரச்சினையை யாராவது எழுப்பினால் காட்டுவதற்காக 6(1) பிரிவையும் குறித்து வைத்திருந்தேன்: ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் அலுவல் மொழியில் மனு தரலாம் என்பது அதில் தெளிவாக உள்ளது. நல்லவேளை, யாரும் எழுப்பவில்லை. சட்டம் சொல்லும் முப்பது நாள் கெடுவில் இருபத்தெட்டாவது நாள் வரைபடத்தின் நகல் கைக்கு வந்தது. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அந்த ஐந்து நாட்களில் நடந்ததைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இருபது ஆண்டுகளாக இதே தடத்தில் தினமும் போய் வருகிறவர். வரைபடத்தைப் படித்துக் காட்டுகிறேன் என்றதற்கு, "நீ வடக்கு, தெற்குன்னு சொன்னா எனக்கு என்னாம்மா புரியும்" என்றார். ஒன்பதாவது படிக்கும் என் மகள் பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்தாள். தண்டவாளங்களைத் தடித்த நூலாலும், நடைமேடைகளை அட்டைத் துண்டுகளாலும் ஒட்டினாள். தொட்டுணர் ஓடுகள் போகும் பாதை நெடுகப் பசை தடவி, அதன்மேல் ரவையைத் தூவிக் காயவிட்டாள். படிக்கட்டுக்குத் தீக்குச்சிகள், லிப்டுக்கு ஒரு சட்டைப் பொத்தான். கோலம் போடத் தெரிந்த கை என்பதால் கோடுகள் கோணவில்லை.

அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்து வாசலிலிருந்து விரலை நகர்த்தத் தொடங்கினார். ரவைக் கோடு பயணச்சீட்டுக் கூண்டுக்குப் போயிற்று, அங்கிருந்து தீக்குச்சிப் படிக்கட்டுக்குப் போயிற்று, மேலே ஏறி மறுபக்கம் இறங்கியது. அவர் விரல் இரண்டு முறை பின்னால் வந்தது. "லிப்ட்டு எங்க?" என்றார். என் மகள் அவர் கையைப் பிடித்துப் பொத்தானின் மேல் வைத்தாள். பொத்தானைச் சுற்றி நான்கு பக்கமும் தடவினார். எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு ரவைப் பருக்கைகூட அதைத் தொடவில்லை. தொட்டுணர் ஓட்டுப் பாதை முழுக்கப் படிக்கட்டுக்கே இட்டுச் சென்றது. லிப்டைப் பற்றி அந்தப் பாதைக்குத் தெரியவே தெரியாது. வரைபடத்தை நான் மூன்று இரவு உற்றுப் பார்த்தும் என் கண்ணில் படாத பிழை இது.

நானும் ஒரு வேலை செய்தேன். நிலைய வாசலில் இப்போதே ஒரு சாய்தளம் இருக்கிறது. வரைபடத்தில் அதை 'உள்ளது, மாற்றமில்லை' என்று குறித்திருந்தார்கள். அதில் அம்மாவின் நாற்காலியை ஏற்றும்போதெல்லாம் முன்சக்கரங்கள் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். அம்மா கண்ணை மூடிக்கொள்வார். காலை ஆறு மணிக்குத் தையல்காரரின் நாடாவுடன் போய் அளந்தேன். உயரம் நாற்பது சென்டிமீட்டர், நீளம் இரண்டு மீட்டர் இருபது. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவு விதிப்படி நாற்பது சென்டிமீட்டர் ஏற 4.80 மீட்டர் நீளம் வேண்டும். பாதிகூட இல்லை. நாடாவை விரித்துப் பிடித்தபடியே படம் எடுத்துக்கொண்டேன். எண் தெரியும்படி எடுங்கள், அதுதான் முக்கியம்.

கூட்டம் ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு. வேலைக்குப் போகிறவர்களும் விடியற்காலை மீன் எடுக்கப் போய் வந்து கண்ணயர்கிறவர்களும் வரவே முடியாத நேரம். மனு கொடுத்தும் நேரத்தை மாற்றவில்லை. இருந்தும் முப்பது பேர் போனோம். சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லாததால், காது கேளாத இரு தம்பதியரிடம் அவர்கள் பிள்ளைகளே சொன்னார்கள். தொடக்கத்திலேயே ஓர் அதிகாரி, 2021-லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, ஒவ்வொரு நிலையத்திலும் லிப்ட் இருக்கிறது, அதில் போகலாமே என்றார். மெட்ரோ ஓடுவது திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம். தண்டவாளத்துக்கு மேற்கே குடியிருக்கும் நாங்கள் அதைப் பிடிக்கவே முதலில் இந்தத் தண்டவாளத்தைக் கடந்தாக வேண்டும். மழை நாளில் சுரங்கப்பாதையில் நாற்காலி மிதக்கும். அதுவுமின்றி, எண்ணூருக்கும் பொன்னேரிக்கும் போகிறவர்களுக்கு மெட்ரோவால் என்ன பயன்? இதைச் சொன்னதும் அவர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னதே சரி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடைமேம்பாலத்துக்கு லிப்டுடன் சாய்தளமும் வேண்டும் என்று எங்கள் படிவங்களில் பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். மேலே மின்கம்பி ஓடும் தடத்தில் பாலம் ஆறு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கும். ஆறு மீட்டர் ஏறப் பன்னிரண்டு மடங்கு என்றால் 72 மீட்டர். ஒன்பது மீட்டருக்கு ஒரு சமதளம் விட்டால் எண்பதைத் தாண்டும். அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். இடம் இல்லை என்று பொறியாளர் சொன்னபோது, முந்தைய இரவே கணக்குப் போட்டிருந்த நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பதில் லிப்ட் எந்நேரமும் இயங்க வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டோம்: முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை பூட்டக்கூடாது, மின்தடைக்கு மாற்று ஏற்பாடு வேண்டும், பழுதானால் அழைக்க வேண்டிய எண் லிப்டின் கதவிலேயே இருக்க வேண்டும்.

மீன் விற்கும் அக்கா ஒருவர் எழுந்தார். "லிப்ட்டுல கூடைய வுடுவாங்களா, மாட்டாங்களா? அத்த மொதல்ல சொல்லுங்க சார்" என்றார். லிப்டில் சரக்கு ஏற்ற அனுமதியில்லை என்று பதில் வந்தது. "என் முட்டிய வுடுவீங்க, முட்டி மேல இருக்கற கூடைய வுட மாட்டீங்களா?" என்று அவர் கேட்டதற்குச் சிரிப்புதான் எழுந்தது, பதில் எழவில்லை. இன்றுவரை வரவில்லை.

எங்கள் முறை வந்தபோது அண்ணன் காலண்டர் அட்டையை மேசைமேல் வைத்தார். பெரிய வரைபடத்தைச் சுவரில் மாட்டி விளக்கிக்கொண்டிருந்த இளம் பொறியாளரைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாசலிலிருந்து லிப்டுக்குப் போகச் சொன்னார். அந்தப் பையன் தயங்கினாலும் செய்தார். அவர் விரல் படிக்கட்டில் போய் நின்றது. மீண்டும் முயன்றார், மீண்டும் படிக்கட்டு. கண்ணைத் திறந்து, சுவரில் இருந்த தம் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அதன்மேலேயே லிப்டுக்கு ஒரு கோடு இழுத்தார். மேலதிகாரியிடம் அவர் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. அந்த ஒரு கோட்டுக்காக அதுவரை பட்ட எரிச்சலில் பாதியை மன்னித்தேன். வாசல் சாய்தளத்தை இடித்துக் கட்ட ஒப்புக்கொண்டதும் அதே நாளில்தான். நாடாப் படத்தைப் பார்த்ததும் வாதமே நடக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது. தொட்டுணர் பாதை லிப்ட் வரை நீட்டிக்கப்படும், வாசல் சாய்தளம் 4.80 மீட்டராக்கப்படும், முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை லிப்ட் இயங்கும் என்று இருந்தது. மீன்கூடை பற்றி ஒரு வரியும் இல்லை. அண்ணன் பேசிய பத்து நிமிடத்துக்கு 'பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் திட்டத்துக்கு நன்றி தெரிவித்தார்' என்று எழுதியிருந்தார்கள். வாசித்துக் காட்டியபோது அவர் வெகுநேரம் சிரித்தார். "நன்றிய எப்போ சொன்னேன்? திருத்தச் சொல்லு" என்றார்.

திருத்தக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதினோம், கூடை விவகாரத்தையும் சேர்த்து. சென்ற திங்கட்கிழமை அதே தபால் பிரிவு, அதே எழுத்தர். என்னைக் கண்டதும் அவராகவே இரண்டாம் பிரதியைக் கேட்டு வாங்கி முத்திரையைக் குத்தினார்.