வாள் படுகிறது, அடி விழவில்லை

கொழும்பில் கேம் செய்யும் சின்னக் குழுக்களில் சண்டைப் பகுதியை யார் கையில் எடுத்தாலும், பேச்சு கடைசியில் எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம் வரிசையில்தான் போய் நிற்கும். அவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டியவர்கள் வாள்வீச்சை ஏன் இப்படி விட்டார்கள் என்ற ஆதங்கம்.

அந்த வரிசையில் 2002இல் வந்த மொரோவிண்டில் வாள் எதிரியின் நெஞ்சுக்குள் போய் வருவது கண்ணுக்குத் தெரியும், அடி விழாது. வாள் திறனோடு சுறுசுறுப்பில் ஐந்திலொரு பங்கும் அதிர்ஷ்டத்தில் பத்திலொரு பங்கும் கூட்டி, களைப்புக்கேற்ப 0.75 முதல் 1.25 வரை ஓர் எண்ணால் பெருக்கி, எதிரியின் தப்பும் திறனைக் கழிப்பதுதான் உள்ளே ஓடும் கணக்கு. திறன் 30, மற்ற இரண்டும் 40 என்றால் கூட்டு 42. எதிரியின் சுறுசுறுப்பும் அதிர்ஷ்டமும் அதே 40, அவன் களைக்கவில்லை என்றால் அதே முறையில் கழிவது 15. மூச்சு நிறைந்திருந்தால் நூறில் 37 வீச்சுப் படும். ஓடிவந்து முழுதாகக் களைத்தபின் அடித்தால் 16தான். புதிதாக விளையாடுபவர் ஓடித்தானே வருவார்! இந்தக் கணக்கில் பிழையில்லை. எதிரி விலகித் தப்பியதாக ஓர் அசைவைக் காட்டாததுதான் குறை.

2006இல் வந்த ஒப்லிவியனில், படுமா படாதா என்ற அந்தப் பகடை போய்விட்டது. ஆனால் நாம் உயர எதிரியும் உயர்ந்தான். வழிப்பறிக் கள்ளன்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு நின்றான்.

அடுத்து வந்த ஸ்கைரிமில் நோவு வேறு இடத்தில். கடின நிலையை ஆக உயர்ந்த லெஜன்டரிக்கு ஏற்றினால் நாம் கொடுக்கும் அடி கால்வாசியாகும், வாங்கும் அடி மூன்று மடங்காகும். மாற்றம் அவ்வளவே. அழிப்பு மந்திரத் திறன் வளர்ந்தால் மந்திரத்தின் செலவு குறையும், அடி தானாக ஏறாது. தீக்கோளத்தின் அடி 40, தீயின் அடியைக் கூட்டும் சலுகைகள் (perk) இரண்டும் எடுத்தால் 60. உயிர் 500 உள்ள எதிரி சாதாரண நிலையில் 9 கோளத்தில் விழுவான், லெஜன்டரியில் 34 வேண்டும். அந்த 34இலும் அவன் நடக்கிற விதம் மாறாது. அதை ‘கடினம்’ என்று சொல்ல மனம் வரவில்லை. எதிரி கூட்டாளியை அழைக்கலாம், பக்கவாட்டில் சுற்றலாம், மந்திரம் ஓதுபவரை முதலில் குறிவைக்கலாம். உயிரை மட்டும் கூட்டினால் விளையாடுபவரின் விரல்தான் நோகும்.

நம் கேமைச் சோதிக்கும்போது திரையைச் செக்கனுக்கு 60 பிரேமில், அதாவது 60 படங்களாகப் பதிந்து, பொத்தானை அழுத்தியதிலிருந்து வாள் தொடும்வரை ஒவ்வொரு பிரேமாக எண்ண வேண்டும். 12 பிரேம் என்றால் 200 மில்லிசெக்கன். தொட்ட கணத்தில் இரு உருவங்களையும் 4 பிரேம், அதாவது 67 மில்லிசெக்கன் அளவில் நிறுத்தினாலே வாளுக்குப் பாரம் வந்துவிடும். அந்தத் தயக்கம் இல்லாத வாள் காற்றை வெட்டுவதுபோலவே இருக்கும்.

நேரத்தைப் பிரேமாக அல்ல, மில்லிசெக்கனாகவே நிரலில் எழுதுங்கள். தடுக்கும் இடைவெளியை 6 பிரேம் என்று எழுதினால் 60இல் அது 100 மில்லிசெக்கன். பம்பலப்பிட்டியில் வாங்கிய பழைய கிராபிக்ஸ் கார்ட்டில் 30க்கு இறங்கினால் 200 ஆகிவிடும். எதிரியின் வீச்சை மட்டும் நேரத்தால் ஓடவிட்டிருந்தால், மெதுவான கணினி உள்ளவர் இலேசாகத் தடுப்பார், நல்ல கணினி உள்ளவர் அடிவாங்குவார்.