16 வயது மகளுக்கு 1966 மஸ்டாங்

மகளுக்காகப் பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் வாங்குகிறோம் என்று சொன்னதிலிருந்து கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் பக்கத்து நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பாதிப் பேர் "உனக்கென்ன பைத்தியமா?" என்கிறார்கள். மீதிப் பேர், குறிப்பாக அப்பாக்கள், "அந்தக் காலத்து வண்டி, சுத்த இரும்பு, இடிச்சா எதிர்ல வர்றவனுக்குத்தான் சேதம், தைரியமா வாங்கிக் கொடுங்க" என்கிறார்கள். முதல் கூட்டத்தோடு எனக்குப் பெரிய வாக்குவாதம் இல்லை. இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நம்பிக்கை ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடுவது.

2009-ல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் (IIHS) தன் 50-ஆவது ஆண்டை ஒட்டி ஒரு சோதனை செய்தது. 1959 செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009 மாலிபு ஒன்றையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர், பாதி முகம் மட்டும் மோதும்படி விட்டார்கள். வீடியோ இணையத்தில் கிடைக்கிறது, வீட்டில் வண்டி ஓட்டப் பழகும் பிள்ளை இருந்தால் சேர்ந்து பாருங்கள். பெல் ஏரில் ஓட்டுநர் உட்காரும் கூடே நசுங்கிப் போகிறது, அந்த இடத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க முடியாது. மாலிபுவில் ஒரு ஆள் இருந்திருந்தால் காலில் லேசான அடி மட்டும்தான் பட்டிருக்கும். தகடு தடிமனா என்பது கேள்வியே இல்லை, மோதலின் வேகத்தை எந்தப் பகுதி வாங்கிக்கொண்டு எந்தப் பகுதி நிமிர்ந்து நிற்கிறது என்பதுதான் கேள்வி. அதுவும் "கனமான வண்டி" என்ற பேச்சு மஸ்டாங்குக்குப் பொருந்தவே பொருந்தாது. 1966 மஸ்டாங் ஏறக்குறைய 1,150 கிலோ, எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 2014 கேம்ரி 1,450 கிலோ.

மஸ்டாங்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்புப் பெல்ட் மட்டும், தோளுக்குக் கிடையாது. தலைக்குப் பின்னால் தாங்கல் கிடையாது. ஸ்டீயரிங் தண்டு முன்பக்கம் இருக்கும் கியர்பாக்ஸிலிருந்து ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேராக ஒரே கம்பியாக வருகிறது, முன்னால் இடித்தால் அது ஈட்டி மாதிரி உள்ளே வரும். பிரேக்கை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான், எங்கோ ஒரு குழாயில் பிரேக் ஆயில் ஒழுகிவிட்டால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும் (1967 மாடலிலிருந்துதான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை). பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை, டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே ஒரு அட்டை, அவ்வளவுதான். இதையெல்லாம் முழுசாகத் தெரிந்துகொண்ட பிறகும் வாங்கினோம் என்பதால்தான் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஏன் வாங்கினோம்? மகளுக்கு இயந்திரம் என்றால் அப்படி ஓர் ஆசை. இப்போது வருகிற கார்களின் பானட்டைத் திறந்தால் கருப்புப் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது, அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு பிள்ளையால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. மஸ்டாங்கில் எஞ்சினைச் சுற்றிக் கைவிட இடம் இருக்கிறது. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் கண்ணுக்கு எதிரே. உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், முழு பாடியே புதிதாகக் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரைக்கும் புகைச் சோதனை கிடையாது என்பதும் ஒரு வசதி.

அப்புறம் இன்னொன்று. வண்டி பார்க்கப் போன இடத்தில் பானட்டைத் தூக்கி, இடதுபக்க உள்தகட்டில் அடித்திருந்த எண்ணைத் துணியால் துடைத்துப் படித்தோம். 6R07T என்று ஆரம்பித்தது. 6 என்றால் 1966, 07 என்றால் கூரை உள்ள இரண்டு கதவு வண்டி, T என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், R என்றால் சான் ஹோசே தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலை இருந்தது மில்பிட்டாஸில், 1983-ல் மூடினார்கள், நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் கிரேட் மால் நிற்பது அதே இடத்தில்தான். "அம்மா, இது நம்ம ஊர் வண்டி" என்றாள். அந்த எண்ணும் ஓட்டுநர் கதவில் இருக்கும் தகட்டின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஆறு சிலிண்டர் வண்டியில் V8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைப் போட்டு V8 விலைக்கு விற்பவர்கள் உண்டு. V8 என்று விற்கும் வண்டியில் சக்கரத்துக்கு நான்கு போல்ட்தானா என்றும் எண்ணுங்கள், தொழிற்சாலை V8 என்றால் ஐந்து இருக்கும்.

நாங்கள் தேடியதே ஆறு சிலிண்டர். 120 குதிரைத்திறன், V8-இல் ஆரம்பமே 200. டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு, ஒரு மைலுக்கு இத்தனை என்று கணக்கிட்டால், உயிர்போகும் விபத்து பெரியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த வயதுக் கையில் அதிகத் திறன் எதற்கு? எட்டு சிலிண்டரின் சத்தம் அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் ஆறு சிலிண்டர் விலையும் குறைவு, கற்றுக்கொள்ள எளிதும்கூட.

வாங்கும்போது எஞ்சினைவிடத் துருவைப் பாருங்கள். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம், துருப்பிடித்த பாடி பணத்தைத் தின்னும். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் கம்பி வலை இருக்கிறதே, அதற்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சொட்டினால் உள்ளே அரித்துவிட்டது, கால்மிதியைத் தூக்கினால் தரையும் பல்லை இளிக்கும். பக்கவாட்டுத் தகட்டில் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி போட்டு மறைத்த இடம். நாங்கள் வாங்கியதில் மேல்வலை நன்றாக இருந்தது, பயணிப் பக்கத் தரையில் மட்டும் ஓட்டை. அதைச் சொல்லித்தான் விலை பேசினோம்.

இனி ஓட்டும் விஷயம். கலிஃபோர்னியாவில் பதினைந்தரை வயதில் பெர்மிட், அதன்பிறகு பெரியவர்களோடு 50 மணி நேரப் பயிற்சி, அதில் 10 மணி நேரம் இரவில், 16-ல் உரிமம். உரிமம் வந்த முதல் ஒரு வருடம் இரவு 11 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக்கூடாது, பெரியவர் துணையில்லாமல் 20 வயதுக்குட்பட்டவர்களை ஏற்றக்கூடாது. மகளின் பயிற்சி முழுக்கக் கேம்ரியில்தான். பள்ளிக்கும் 880 நெடுஞ்சாலைக்கும் கேம்ரிதான். ஏர்பேக் உண்டு, வண்டி சறுக்கினால் தானே பிடித்து நிறுத்தும் கட்டுப்பாடு உண்டு (2012 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயம்). முதல் வருடத்துப் பிழைகளை அந்த வண்டி தாங்கட்டும். மஸ்டாங் ஞாயிறு காலையில், நான் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும், ஊருக்குள் மட்டும். இதில் பேரம் கிடையாது என்று வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், அவளும் ஒத்துக்கொண்டுதான் கையில் ஸ்பேனரை எடுத்தாள்.

இன்ஷூரன்ஸையும் முதலிலேயே விசாரியுங்கள். பழைய கார்களுக்கான பாலிசி மலிவாகத் தெரியும், ஆனால் தினசரி ஓட்டக்கூடாது, வீட்டில் உரிமம் உள்ள ஒவ்வொருவருக்கும் வேறு வண்டி இருக்கவேண்டும், சில வருட அனுபவம் வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை வைப்பது வழக்கம். அதனால் பாலிசி என் பேரில், அவள் ஓட்டுவதற்குச் சாதாரணப் பாலிசியில் தனி ஏற்பாடு. செலவு கூடுதல்தான்.

வேலையின் வரிசையையும் அவளே எழுதிச் சுவரில் ஒட்டினாள், பெயின்ட்டும் மியூசிக் சிஸ்டமும் கடைசியில். முதலில் இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டரும் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும். அது முடிந்தது. அடுத்து பெட்ரோல் ரப்பர் குழாய்கள் எல்லாம் மாற்றினோம், இங்கே விற்கும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் அதில் விரிசல் விட்டு ஒழுகும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்கு ஆக்ஸிலேட்டரை ஒருமுறை அடிவரை மிதித்து விட்டால்தான் சோக் (குளிரில் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் மூடி) விழும் என்பதையும், முதல் கியரில் சிங்க்ரோ (ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் பாகம்) இல்லாததால் வண்டி முழுசாக நின்ற பிறகுதான் அதைப் போடவேண்டும் என்பதையும் இப்போது எனக்கு அவள் சொல்லித் தருகிறாள்.

இந்த மாதம் பின்சீட்டுக்குப் பின்னால் அட்டையை எடுத்துவிட்டு இரும்புத் தகடு அடைக்கிறோம். தோள் பெல்ட்டுக்குத் தூணில் தகடு வைத்து வெல்டிங் செய்வதை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்திருக்கிறோம், அது வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. பெல்ட் வந்த பிறகுதான் சாவி அவள் கைக்குப் போகும்.