டஸ்டர் டீசலில் டைமிங் பெல்ட் அறுந்த பிறகு

ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென அணைந்து, செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட லேசாக, விர்ரென்று சுற்றுகிறதா? கிராங்க்கையும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது) போய்விட்டது, சாவியை எடுத்துவிடுங்கள். டஸ்டரில் உள்ள ரெனோவின் 1.5 லிட்டர் கே9கே இன்ஜினில் பெல்ட் போனால் பிஸ்டன் வால்வில் மோதும். திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் சேதம் கூடும்.

கவரைத் திறந்ததும் அறுந்த பெல்ட்டை வீசக் கூடாது, ஏன் அறுந்தது என்று முதலில் பாருங்கள். நான் பார்த்த வண்டியில் ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் ஓரம் பிரிந்து, நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டைத் தள்ளியிருந்தது. சிலவற்றில் வாட்டர் பம்ப் பேரிங் இறுகியிருக்கும், கேம் சீலில் ஆயில் கசிந்திருக்கும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் போடும் புது பெல்ட்டும் போகும்.

இதில் 8 வால்வுகளும் செங்குத்தாக நிற்பவை. அடி நேராக மேலே ஏறுவதால் வால்வோடு டேப்பெட்டும் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள கிண்ணம்) பிளக்கலாம், கேம்ஷாஃப்ட்டே ஒடியலாம். சிலிண்டர் ஹெட்டை இறக்கியபின் நான்கு பிஸ்டன்களும் உச்சத்தில் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழுகின்றன என்று டயல் கேஜில் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

லேத்தில் பழக்கதோஷத்தில் ஹெட்டைச் சீவிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இந்த ஹெட்டைச் சீவ ரெனோ அனுமதிப்பதில்லை. 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் வேறு ஹெட்தான்.

நேரத்தைத் தின்பது வால்வு இடைவெளி, அதாவது கேமுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. அதைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. சீட்டில் தேய்த்த வால்வின் தண்டு மேலே ஏறுவதால் இடைவெளி குறைந்துவிடும். இன்டேக்கில் 0.20, எக்ஸாஸ்ட்டில் 0.40 மி.மீ. அளவில் வர வேண்டும். இடைவெளியைச் சரிசெய்யும் தனித் தகடு (ஷிம்) இல்லை. டேப்பெட்டையே வேறு தடிமனில் போட வேண்டும், விலையும் அதிகம். எட்டையும் அளந்து எழுதிக்கொண்டு, நல்ல நிலையில் உள்ளவற்றை முதலில் இடம் மாற்றிப் பாருங்கள். வாங்க வேண்டியது குறையும்.

ஹெட் போல்ட் 10-ம் புதிது: நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 25 நியூட்டன் மீட்டர், பிறகு 255 டிகிரி திருப்பி இறுக்க வேண்டும். டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் பெல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

கிராங்க், கேம் இரண்டிலும் அவற்றை அசையாமல் பிடிக்கும் பின் செருகி, டீசல் பம்ப் புல்லியின் குறியைப் பார்த்துப் பெல்ட்டை ஏற்றுங்கள். பின்களை உருவிவிட்டு கையால் கிராங்க்கை இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது இடித்தால் ஸ்பானரை அழுத்தாதீர்கள். இரண்டு பின்களும் மறுபடி தடையில்லாமல் நுழைந்தால்தான் டைமிங் சரி.

கழற்றிய டீசல் பைப்புகளின் வாயை மூடி வைப்பதும் முக்கியம். தூசி போனால் இன்ஜெக்டர் செலவும் சேரும். கை பம்பு கெட்டியாகும்வரை அழுத்தி, காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் செல்ஃப்.