பத்ரோன் ஃபேமிலி ரிசர்வ் 45: காரம் எங்கே போனது?

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சிகார் முப்பது டாலருக்கு மேல். நான் வழக்கமாகப் பிடிப்பது பத்து, பன்னிரண்டு டாலர் சரக்கு, அதுவும் எப்போதாவது. அதனால் மனைவியின் அண்ணன் மயாமியிலிருந்து பத்ரோன் நிறுவனத்தின் ஃபேமிலி ரிசர்வ் 45 சிகாரில் மதூரோவை, அதாவது கருத்த மேலிலை வகையைக், கொண்டுவந்து நீட்டியபோது சந்தோஷத்தோடு கொஞ்சம் சந்தேகமும் இருந்தது. இத்தனை காசுக்கு அப்படி என்னதான் இருக்கும்?

இருப்பது வயது. பத்ரோனின் '1964' என்ற பெயருள்ள வரிசைக்கு இலையை நான்கு ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள், '1926' என்ற வரிசைக்கு ஐந்து. ஃபேமிலி ரிசர்வுக்குப் பத்து. நிறுவனத்தின் 45-ஆம் ஆண்டையொட்டி 2009-இல் வந்த சிகார் இது. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சமாகத்தான் கடைக்கு வரும். பத்து வருஷம் கோடவுனில் கிடக்கும் இலைக்கு யாரோ பத்து வருஷம் முன்பே காசைக் கொட்டியிருக்க வேண்டும். அவசரத்துக்குக் கூடுதலாகச் செய்யவும் முடியாது.

இந்தக் குடும்பத்துக்குப் பொறுமை புதிதில்லை. ஹோசே ஒர்லாந்தோ பத்ரோன் கியூபாவில் புகையிலை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு மயாமிக்கு வந்தார். நண்பர் ஒருவர் கொடுத்த சுத்தியலை வைத்துத் தச்சு வேலை பார்த்துச் சேர்த்த காசில் 1964-இல் தொழிலை ஆரம்பித்தார். 1970-இல் நிகராகுவாவின் எஸ்தெலிக்குப் போனார். 1978-இல் அங்கே நடந்த கிளர்ச்சியில் தொழிற்சாலை எரிந்தது. 1985-இல் அமெரிக்கா நிகராகுவா மீது வர்த்தகத் தடை போட்டது. ஆனாலும் எஸ்தெலியை விடவில்லை. 2017 டிசம்பரில் இறந்தார்.

சரி, சிகாருக்கு வருவோம். ஆறு அங்குல நீளம், 52 ரிங். ரிங் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, ஆகவே விட்டம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உருண்டையாக இருக்காது, பெட்டியில் அழுத்தி நான்கு பக்கமும் தட்டையாக்கியிருக்கிறார்கள். வெளியே சுற்றியிருக்கும் மேலிலை கருப்புக்குப் பக்கத்துப் பழுப்பு, விரலில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு. வந்தவுடன் கொளுத்தவில்லை. சிகாரை ஈரப்பதத்தோடு பாதுகாக்கும் பெட்டியான ஹியூமிடாரில் 65 சதவீத ஈரப்பதத்தில் கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்று விட்டேன். பயணம் செய்து வந்த சிகாரை உடனே பிடித்துவிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை.

நியூ ஜெர்சியில் அக்டோபர் மாலை, வீட்டுக்குப் பின்புறம். மச்சான், "மாப்ள, காபியெல்லாம் வேண்டாம், வெறும் தண்ணி வச்சுக்கோங்க, அப்பதான் தெரியும்" என்றார். அவர் சொன்னது சரி. நுனியை வெட்டிக் கொளுத்தாமலே இழுத்துப் பார்த்தால் கோகோ வாசனையும் உலர்ந்த திராட்சையின் இனிப்பும். கொளுத்திய முதல் சில இழுப்பில் மிளகு எட்டிப்பார்த்தது. அது நின்று விளையாடும் என்று எதிர்பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் காணாமல் போனது!

அப்புறம் வந்தது நடுப்பகுதி. முப்பது டாலரும் இங்கேதான் இருக்கிறது. சிக்கரி கலக்காத டிகாக்‌ஷன், கசப்புச் சாக்லேட், பின்னால் மழை நனைத்த மண். ஒன்று போய் ஒன்று வராமல் எல்லாம் சேர்ந்தே இருந்தன. சிகார் புகையை நெஞ்சுக்குள் இழுக்க மாட்டார்கள். வாயில் வைத்து, கொஞ்சத்தை மூக்கு வழியாக விடுவார்கள். இளம் இலை என்றால் அந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இதில் வறுத்த பருப்பு வாசம் மட்டும். சாம்பல் உதிராமல் ஒரு அங்குலத்துக்கு மேல் நின்றது.

காரணம் ரசாயனம்தான். அறுவடையான இலையைக் குவித்து வைத்தால் குவியலுக்குள் தானாகவே சூடேறும். அவ்வப்போது பிரித்துப் புரட்டி அடுக்குவார்கள். அமோனியா அப்போது வெளியேறத் தொடங்கும். மதூரோவுக்கு இந்தச் சூடு கூடுதல், காலமும் கூடுதல். கருநிறம் அதில் வருவது. மிச்சமிருக்கும் முரட்டுத்தனத்தை அடுத்த பத்து வருஷம் மெதுவாகத் தின்றுவிடுகிறது.

எனக்கு அங்கேதான் மனசு இரண்டாகிறது. திருச்சியில் என் தாத்தா பிடித்தது உறையூர்ச் சுருட்டு, இரண்டு முனையும் திறந்தது. அறைக்குள் அவர் நுழையும் முன்பே அதன் நெடி நுழைந்துவிடும். புகையிலை என்றால் அடிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்த வீட்டிலேயே படிந்துவிட்டது. இந்தச் சிகார் அடிக்கவே இல்லை. கடைசிப் பகுதியில் விரல் சுடும்வரை பிடித்தும் கசப்பு வரவில்லை, சற்றே கூடிய காட்டத்தோடு முடிந்தது. செய்நேர்த்தியில் நான் பிடித்தவற்றில் இதற்கு மேல் எதையும் வைக்க மாட்டேன். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு எது வேண்டும் என்று கேட்டால், 1964 வரிசை மதூரோவைத்தான் எடுப்பேன். நான்கு வருஷ இலையில் மிளகு இன்னும் மிச்சமிருக்கிறது, விலையும் குறைவு.

மச்சான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "காரம் வேணும்னா மிளகாய் பஜ்ஜி சாப்பிடுங்க மாப்ள" என்றார். அவருக்கு இதே 45-இல் நிறம் குறைந்த மேலிலை வகையான நேச்சுரல்தான் உசத்தி. மதூரோவின் இனிப்பு மற்றதையெல்லாம் மூடிவிடுகிறதாம். வாங்க நினைப்பவர்கள் பெட்டியாக வாங்காமல் மதூரோ ஒன்று, நேச்சுரல் ஒன்று என்று எடுத்துப் பாருங்கள். நேச்சுரலை அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். செலவு அவருடையது, எனக்கு ஆட்சேபமில்லை.