55 போய் 55ஏ வந்த கதை: டெக்ஸாஸ்ல எக்ஸ்பங்ஷன் போட்டு நான் பட்ட பாடு

முடிஞ்சு போன ஒரு கேஸோட ரெக்கார்டை அழிக்கச் சொல்லி (அதுக்குப் பேர்தான் எக்ஸ்பங்ஷன்) கோர்ட்ல மனு போட்டிருந்தேன், போன வாரம்தான் அது சம்பந்தமா கடைசி லெட்டர் வந்துச்சு. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன், ஏன்னா இதே குழியில இன்னும் நாலு பேர் விழுவாங்கன்னு நல்லாத் தெரியுது.

முதல்ல கேஸ். 2024 ஜூலை, ஒரு சனிக்கிழமை, பெரிய கடை ஒண்ணுல செல்ஃப் செக்அவுட். கார்ட்டோட அடித்தட்டுல 20 பவுண்டு பாஸ்மதி மூட்டை கிடந்துச்சு, மேல இருந்ததெல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு அதை மறந்துட்டேன். வாசல்ல நிறுத்திட்டாங்க, போலீஸ் வந்துச்சு, நான் கார்டை நீட்டி இப்பவே குடுத்துடுறேன்னு கெஞ்சினேன், ஒண்ணும் எடுபடல. 100 டாலருக்குக் கீழ இருந்ததால கிளாஸ் சி, அதாவது ஃபைன் மட்டும் உள்ள சின்னக் குற்றம், கையில டிக்கெட், அதான் கோர்ட்டுக்கு வரச் சொல்ற சீட்டு, குடுத்து அனுப்பிட்டாங்க. அக்டோபர்ல வீடியோவைப் பார்த்துட்டு பிராசிக்யூட்டரே டிஸ்மிஸ் பண்ணிட்டார். அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். முடியல. கேஸ் போனாலும் ரெக்கார்டு போகாது, பேக்ரவுண்ட் செக்ல "தெஃப்ட்"னு ஒரு வரி உக்காந்திருக்கும். அதை அழிக்கத்தான் எக்ஸ்பங்ஷன். கைல விலங்கு மாட்டலையே, வெறும் டிக்கெட்தானே, இதுக்கு எதுக்குன்னு கேக்காதீங்க, டெக்ஸாஸ்ல டிக்கெட்டும் ஒரு வகை அரெஸ்ட்தான். கிளாஸ் சி-க்கு அரெஸ்ட் தேதியில இருந்து 180 நாள் காத்திருக்கணும். எனக்கு அந்த 180 நாள் 2025 ஜனவரியில முடிஞ்சுது. இந்த ஜனவரியை ஞாபகம் வச்சுக்கோங்க, வில்லனே அதுதான்.

வக்கீல் ஃபீஸ் கேட்டு தலை சுத்துனதால நானே போட்டுக்கலாம்னு முடிவு பண்ணேன். ஃப்ரெண்ட் ஒருத்தன் 2022ல இதே மாதிரி போட்டு ஜெயிச்சிருந்தான். "மச்சி என் ஃபைலை அப்படியே எடுத்துக்க, பேரையும் தேதியையும் மட்டும் மாத்து"ன்னான். பெட்டிஷன், ஜட்ஜ் கையெழுத்துப் போட நாமளே அடிச்சுக் குடுக்கிற ஆர்டர், ரெண்டும் வேர்டு ஃபைலா அனுப்பிட்டான். நானும் மாத்தினேன். அவன் மேல தப்பே இல்ல, 2022ல அது பத்தரை மாத்துத் தங்கம்.

ஃபைல் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லிடுறேன். ஒண்ணு, நம்ம பேரு. அப்பா பேரை லாஸ்ட் நேமா போட்டவங்க, விசாவுல எஃப்என்யூ (முதல் பேர் தெரியலன்னு அர்த்தம்) வாங்கினவங்க எல்லாரும் கவனிங்க. என் டிக்கெட்ல அப்பா பேரு முன்னாடி, என் பேரு பின்னாடி, லைசென்ஸ்ல தலைகீழ், கோர்ட் கம்ப்யூட்டர்ல ரெண்டும் ஒட்டி ஒரே வார்த்தையா இருக்கு. மூணையும் பெட்டிஷன்ல எழுதினேன், இவன், இவன் என்றும் அழைக்கப்படுபவன்னு, ஏதோ பழைய பத்திரம் மாதிரி. இல்லன்னா ஆர்டர் ஒரு ஆளுக்கும் ரெக்கார்டு இன்னொரு ஆளுக்கும் போயிடும்.

ரெண்டாவது இதைவிட முக்கியம். க்ரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் ஃபார்ம்ல அழிச்ச கேஸையும் கேப்பாங்க, சொல்லித்தான் ஆகணும், கூடவே கோர்ட் டிஸ்பொசிஷனோட, அதாவது கேஸ் எப்படி முடிஞ்சுதுங்கிற பேப்பரோட, சர்டிஃபைடு காப்பி கேப்பாங்க. எக்ஸ்பங்ஷன் முடிஞ்சப்புறம் அதே கோர்ட்ல போய் நின்னா அப்படி ஒரு கேஸே இல்லம்பாங்க, ஏன்னா நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க! அதனால முதல்ல மூணு சர்டிஃபைடு காப்பி வாங்கி பீரோல வச்சுட்டு அப்புறம் மத்த வேலையைப் பாருங்க. எனக்கு இதை ஆபீஸ்ல ஒரு சீனியர் சொன்னார், சொல்லாம விட்டிருந்தா இன்னைக்கு வேற மாதிரி அழுதிருப்பேன்.

பிப்ரவரியில டிஸ்ட்ரிக்ட் கிளர்க் ஆபீஸ், வீட்ல இருந்து 40 மைல். ஃபைன் மட்டும் உள்ள கேஸுக்கு ஜஸ்டிஸ் கோர்ட்லயே போடலாம்னு எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது, அது வீட்ல இருந்து பத்து நிமிஷம், அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. விண்டோல இருந்த அம்மா பேப்பரைப் புரட்டினாங்க, ஒரு பக்கத்துல கண்ணு நின்னுச்சு, லேசா புருவம் ஏறுச்சு. "ஏதாச்சும் தப்பா மேடம்?"னு கேட்டேன். "லீகல் அட்வைஸ் குடுக்க எங்களுக்கு அனுமதி இல்ல." சரி, பேப்பர் எல்லாம் இருக்கான்னாவது சொல்லுங்கன்னேன். "அதுவும் லீகல் அட்வைஸ்." காசை வாங்கிட்டு டப்புனு சீல் அடிச்சு ஏப்ரல்ல ஹியரிங் தேதி குடுத்துட்டாங்க. அந்தப் புருவத்தை அன்னைக்கே நான் படிச்சிருக்கணும்.

மார்ச்சுல ஒரு கவர். என் ரெக்கார்டை வச்சிருக்கிற ஏஜென்சிகளுக்கு நோட்டீஸ் போயிருந்துச்சு, அதுல ஒண்ணோட வக்கீல் பதில் போட்டிருக்கார், எல்லாத்தையும் மறுக்கிறோம்னு வழக்கமான நாலு வரி, அதுக்குக் கீழ ஒரு வரி: மனுதாரர் சொல்ற ஆர்ட்டிகிள் 55.01 ரத்தாகிடுச்சு.

ரத்தா! எக்ஸ்பங்ஷன் கேக்க என் மனு நம்பி நின்ன பிரிவே அதுதான், எனக்குக் கை கால் ஓடல. எக்ஸ்பங்ஷனையே தூக்கிட்டாங்கன்னு நினைச்சு ராத்திரி ஒரு மணி வரைக்கும் தேடினேன். அப்பத்தான் விஷயம் புரிஞ்சுது. 2023 சட்டசபை செஷன்ல எச்.பி. 4504னு ஒரு பில் பாஸ் ஆகியிருக்கு. கிரிமினல் புரொசீஜர் கோடுங்கிற சட்டத் தொகுப்போட சில சேப்டர்களை எடுத்து அர்த்தத்தைத் தொடாம வாசகத்தை மட்டும் சுத்தம் பண்ணி, உடைச்சு, புது நம்பர்ல அடுக்கியிருக்காங்க. 45 இப்ப 45ஏ, 55 இப்ப 55ஏ. அமலுக்கு வந்தது 2025 ஜனவரி 1. என் 180 நாள் முடிஞ்சதும் அதே மாசம். டிக்கெட் வாங்கினப்ப உசுரோட இருந்த நம்பர் மனு போடப் போறப்ப செத்துப் போச்சு.

டெக்ஸாஸ்ல இது 1963ல இருந்தே நடக்குற வேலையாம். லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்னு சட்டசபையோட ஒரு ஆபீஸ், அவங்களுக்கு இது நிரந்தர டியூட்டி, பழைய சட்டங்களை எடுத்து ஒவ்வொரு தொகுப்பா அடுக்குறது. சட்டத்தோட கருத்து, பொருள், விளைவு மூணையும் மாத்தக் கூடாதுன்னு கவர்மென்ட் கோடுல 323.007ல அவங்க கையையும் கட்டி வச்சிருக்காங்க.

இவங்க வேலையைத் திட்டலாம்னுதான் உக்காந்தேன், திட்ட முடியல. பழைய 55.01 எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் சொல்ல வேண்டிய 180 நாள் விதி எங்க இருந்துச்சுன்னா 55.01, அதுக்குள்ள சின்ன ஏ, அதுக்குள்ள 2, அதுக்குள்ள பெரிய ஏ, அதுக்குள்ள ரோமன் ஒண்ணு, அதுக்குள்ள மறுபடியும் ஒரு சின்ன ஏ. வெங்காயம் உரிக்கிற மாதிரி. அதைப் பிரிச்சுத் தனித்தனி ஆர்ட்டிகிளா, தலைப்பு போட்டு, ஒரு வாசகத்துல ஒரு விஷயம்னு வச்சிருக்காங்க. அதோட அவங்க தயாரிக்கிற ரிப்போர்ட்டைப் பாருங்க, மேல புது வாசகம், கீழ அது எந்தப் பழைய வாசகத்துல இருந்து வந்துச்சுன்னு முழுசா, அதுக்குக் கீழ எந்த வார்த்தையை ஏன் எடுத்தோம்னு ரிவைசர்ஸ் நோட். அந்த நோட்டுகள்ல அடிக்கடி வர்ற ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சுது: பழைய சட்டம் "ரூல்ஸ் அண்ட் ரெகுலேஷன்ஸ்"னு சொல்லுது, ரூல்னா ரெகுலேஷனும் அதுல அடக்கம்னு கவர்மென்ட் கோடு ஏற்கெனவே சொல்லியாச்சு, அதனால ரெண்டாவது வார்த்தையை எடுத்துட்டோம். ஒரு வார்த்தையை எடுக்க இவ்வளவு கணக்குச் சொல்றாங்க. நம்ம வீட்டு மாசக் கணக்குக்குக் கூட நான் இவ்வளவு சொன்னதில்ல.

உங்களுக்கு வேண்டியது டிஸ்பொசிஷன் டேபிள். பழைய நம்பர் இடது பக்கம், அது போய் உக்காந்த புது நம்பர் வலது பக்கம். ஃப்ரெண்டோட ஃபைல், யூடியூப் அண்ணனோட ஃபார்ம் எது கையில வந்தாலும் முதல்ல இந்த டேபிள்ல வச்சு ஒத்துப் பாருங்க. நம்பரை மட்டும் மாத்திட்டு நிறுத்தாதீங்க, புது வாசகத்தையும் ஒரு தடவை படிங்க. பொருள் மாறலன்னு சட்டமே சத்தியம் பண்ணுதே, எதுக்குப் படிக்கணும்னு நானும் கேட்டேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துல கூட வர்ற ஒருத்தர் சேல்ஸ் டாக்ஸ் வேலை பாக்குறவர், அவர் சொன்னது இது. ஃப்ளெமிங் ஃபுட்ஸ்னு ஒரு கம்பெனி டாக்ஸ் ரீஃபண்டு கேட்டுச்சு. பழைய சட்டப்படி கவர்மென்ட்டுக்கு நேரடியா கட்டினவங்க மட்டும்தான் கேக்கலாம், இவங்க கட்டினது வித்தவங்க வழியா. டாக்ஸ் கோடா அடுக்கினப்ப அந்த "நேரடியா"ங்கிற கட்டுப்பாடு விட்டுப் போச்சு. பொருள் மாறாத திருத்தம்தானே, பழைய அர்த்தத்துலதான் படிக்கணும்னு கவர்மென்ட் சொல்லுச்சு. 1999ல டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல, புது வாசகம் தெளிவா இருந்தா அதுதான் சட்டம்னுடுச்சு. ஆக ஒரு வார்த்தை வழுக்கினாலும் வழுக்கினதுதான்.

மதுரைல வக்கீலா இருக்கிற மச்சானுக்கு போன் போட்டுப் புலம்பினேன். விழுந்து விழுந்து சிரிச்சார். "நாங்க 2024 ஜூலை 1ல இருந்து இதுலதான் மாப்ள குடும்பம் நடத்துறோம்"னார். அங்க குற்றச் சட்டங்களையே புதுசா மாத்தினதுல, மோசடிக்கான 420 போய் 318(4) ஆயிடுச்சு, கொலைக்கான 302 போய் 103 ஆயிடுச்சு. நம்பர் மட்டுமில்ல, விஷயமும் நிறைய இடத்துல மாறியிருக்கு. அவரை ரொம்பக் கடுப்பேத்துறது 482. முன்னாடி 482னா கேஸைக் குவாஷ் பண்ண, அதாவது ரத்து பண்ண, ஹைகோர்ட் போறது. புதுச் சட்டத்துலயும் 482 இருக்கு, ஆனா அது முன்ஜாமீன்! குவாஷ் 528க்குப் போயிடுச்சு. அந்த வகையில டெக்ஸாஸ்காரங்க பரவால்ல, பழைய 55ஐ வேற எதுக்கும் குடுக்கல, பக்கத்துலயே 55ஏன்னு ஒரு வீடு கட்டிட்டாங்க.

சரி, என் கேஸ். தேடினதுல கிடைச்ச புதையல் கவர்மென்ட் கோடு 311.027. ஒரு சட்டத்தைச் சுட்டிக் காட்டினா, வேற மாதிரி வெளிப்படையாச் சொல்லாத வரைக்கும், அந்தச் சட்டத்தைத் திருத்தி மறுபடி எழுதினதுக்கும் அது பொருந்தும். அதாவது நான் 55.01னு எழுதினாலும் அது 55ஏ-வைத்தான் குறிக்கும். அதைப் பிரின்ட் எடுத்து, மஞ்சள் கலர் அடிச்சு, டேபிள்ல என் வரிகளையும் மஞ்சள் அடிச்சு, ஏப்ரல் ஹியரிங்குக்கு லீவு போட்டுப் போனேன்.

ஜட்ஜ் நல்ல மனுஷர். பேப்பரை வாங்கிப் படிச்சார், தலையாட்டினார், "மனு நிக்கும்"னார். அந்த ஏஜென்சி சார்புல யாரும் வரவே இல்ல. உள்ளுக்குள்ள நான் பறந்துக்கிட்டிருந்தேன். அப்புறம் ஆர்டரை எடுத்தார். அதுவும் ஃப்ரெண்டு குடுத்த அதே ஆர்டர்தான், பக்கத்துக்கு ரெண்டு 55.02, ஒரு 55.03. பேனாவை மூடி வச்சுட்டார். நீங்க பழைய நம்பர் எழுதினா 311.027 உங்களைக் காப்பாத்தும், நான் இல்லாத ஆர்ட்டிகிள் பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட முடியாது, புதுசா அடிச்சுட்டு வாங்கன்னார். அங்கயே பேனாவால ஏ போட்டுக் குடுத்துடவான்னு கேட்டேன், கோர்ட் ஸ்டாஃப் ஒருத்தர் சிரிச்சுட்டார். பழைய ஒரு ஆர்ட்டிகிள் இப்ப பல துண்டு, அதனால பின்னாடி ஏ ஒட்டினா சரியாகாது, எந்தத் துண்டுன்னு பாத்துப் பாத்து எழுதணும். மனுவுக்கு டேபிள் பாத்த மடையன் ஆர்டருக்குப் பாக்கல. மூணு வாரம் தள்ளிப் போச்சு, இன்னொரு நாள் லீவு, இன்னொரு 80 மைல்.

புது ஆர்டர் அடிக்கிற கையோட அதுல இருக்கிற ஏஜென்சி லிஸ்ட்டையும் சரி பார்த்தேன், அதுல ஒரு நல்லது நடந்துச்சு. ஆர்டர்ல யார் பேர் இருக்கோ அவங்களுக்குத்தான் அது போகும். ஃப்ரெண்டோட லிஸ்ட்ல டிக்கெட் எழுதின போலீஸ் இருந்துச்சு, கேஸ் நடந்த முனிசிபல் கோர்ட் இல்ல. சேர்த்தேன். ரெக்கார்டை வாங்கி விக்கிற பேக்ரவுண்ட் செக் கம்பெனிகளையும் சேர்த்தேன்.

ரெண்டாவது ஹியரிங் நாலு நிமிஷம். கையெழுத்து ஆச்சு.

அப்புறம் ஒவ்வொரு ஏஜென்சியில இருந்தும் லெட்டர் வர ஆரம்பிச்சுது, அழிச்சுட்டோம், அழிச்சுட்டோம்னு. முதல்ல நான் சொன்ன அந்தக் கடைசி லெட்டர் யார்கிட்ட இருந்துன்னா, 55.01 ரத்தாகிடுச்சுன்னு எனக்குப் பாடம் எடுத்தாங்களே, அவங்ககிட்ட இருந்துதான். ஆர்டர்படி ரெக்கார்டை அழிச்சாச்சாம், ஆர்ட்டிகிள் 55.02இன் கீழ். ஏ இல்ல. ரெண்டு தடவை படிச்சேன், இல்லவே இல்ல. பதில் லெட்டர் ஒண்ணு அடிச்சு பிரின்ட் வரைக்கும் போயிட்டேன், 311.027 அவங்களையும் காப்பாத்திட்டுப் போகட்டும்னு வீட்டுக்காரிதான் பிடுங்கி வச்சுக்கிட்டா.